சடுகுடுத் திடலில் குலவை

போன மாதம் தஞ்சாவூரில் ஒரு கல்லூரி மைதானத்துக்குக் கிரிக்கெட் பார்க்கப் போனேன். கிரிக்கெட்டில் எனக்கு ஒன்றும் தெரியாது. மருமகன் கூப்பிட்டார், வீட்டில் கரண்ட் இல்லை, போனேன். பரிசு கொடுக்க ஓர் அமைச்சர் வருகிறார் என்பதால் வாசலில் காவலர்கள் நின்று கறுப்புச் சட்டைக்காரர்களை ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் தன் சட்டையை வெயிலில் இழுத்துப் பிடித்து, "அண்ணே, நல்லா பாருங்க, இது நீலம்" என்று மன்றாடினான். காவலர் பார்த்தார். பக்கத்துக் காவலரையும் பார்க்கச் சொன்னார். முடிவுக்கு வர முடியவில்லை. என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கிட்டே போய், "கருநீலம். காலர் வெளுத்திருக்கு. பட்டன் வெள்ளை, மூணாவது பட்டன் இல்லை" என்றேன்.

"நீங்க யாருங்க பெரியவரே?"

"ஸ்பெஷல் பிராஞ்சுல இருந்து ரிட்டயர் ஆனவன்."

அவர் விறைப்பாக நின்று ஒரு சல்யூட் அடித்துவிட்டுப் பையனை உள்ளே விட்டார். ஆட்டம் முடிந்ததும் அவரும் அவருடைய சப்-இன்ஸ்பெக்டரும் என்னைத் தேடிப் பிடித்து டீ வாங்கிக் கொடுத்தார்கள். "வேடிக்கை பாக்க வர்றவங்க பண்ற அரசியலை உங்க காலத்துல எப்படிங்க சமாளிச்சீங்க?" என்று கேட்டார்கள். நாங்கள் சமாளிக்கவே இல்லை என்பதுதான் உண்மை. குடித்த டீக்காக அதை முழுசாக எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

நான் போலீஸில் சேர்ந்தது ஓடிப் பிடிப்பதற்காக இல்லை. எனக்கு ஓட வராது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் தமிழ்ச் சுருக்கெழுத்து கற்றிருந்தேன். அதை வைத்து ஏதாவது ஆபீசில் உட்கார்ந்துவிடலாம் என்று அப்பா கணக்குப் போட்டார். கிடைத்த ஆபீஸ் போலீஸ் ஆபீஸ். பயிற்சியில் கவாத்து, கயிறு ஏறுவது, சுவர் தாண்டுவது என்று எல்லாவற்றிலும் நான்தான் கடைசி. ஆனால் கவாத்து வாத்தியார் திட்டிய திட்டை ஒரு சொல் விடாமல் எழுதிக் காட்டினேன். அதைப் படித்துப் பார்த்தவர்கள் என்னை நேரே ஸ்பெஷல் பிராஞ்சுக்கு அனுப்பிவிட்டார்கள். போட்ட இடம் திருவாரூர்ப் பக்கம். ஸ்டேஷன் பெயரும் ஊர்ப் பெயரும் வேண்டாம். அன்றைக்கு அடித்துக்கொண்டவர்களின் பிள்ளைகள் எல்லாரும் இப்போது ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார்கள்.

திராவிடக் கட்சி ஆட்சிக்கு வந்து சில வருஷம் ஆகியிருந்த காலம். ஊருக்கு ஊர் மேடை, மேடைக்கு மேடை அடுக்குமொழி. கீழே ஓரமாக, வேட்டி சட்டையில், யாருக்கும் தெரியாத மாதிரி உட்கார்ந்து நான் எழுதுவேன். எல்லாருக்கும் தெரியும். பென்சில் மாற்ற நான் நிமிர்ந்தால் பேச்சாளர் நிறுத்திவிட்டு, "எழுதியாச்சா தம்பி? மேல போகலாமா?" என்று மைக்கிலேயே கேட்பார்.

என் குறிப்பேட்டில் நான்கு கட்டம். முதல் கட்டத்தில் நேரம். இரண்டாவதில் யார். மூன்றாவதில் எத்தனை பேர். நான்காவதில் என்ன சொன்னார்கள் என்பது, அட்சரம் பிசகாமல். "ஆவேசமாகப் பேசினார்" என்று எழுதக்கூடாது. ஆவேசம் என்பது நம் கருத்து. துண்டை எடுத்து இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றினார் என்றால் அதை எழுதலாம். இதை எனக்குப் பழக்கியவர் இன்ஸ்பெக்டர் அருளானந்தம்.

அருளானந்தம் சார் ஆள் பெரிய உருவம், குரல் சின்னது. கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். உச்சக்கட்டக் கோபத்தில் உதடு மட்டும் அசையும், நாங்கள் யூகித்துக்கொள்ள வேண்டும். என் குறிப்பை அவர் ஒருநாளும் கையில் வாங்கிப் படித்ததில்லை. நாற்காலியில் சாய்ந்து, சுக்குக் காபி டம்ளரை ஒரு ஃபைலால் மூடி வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொள்வார். நான் நின்றுகொண்டு படித்துக் காட்ட வேண்டும். நான்காவது கட்டம் வந்தால் கூட்டத்தில் எந்தக் குரலில் சொன்னார்களோ அதே குரலில் சொல்ல வேண்டும்.

"எழுத்துல எலும்புதான்யா இருக்கு. சத்தத்துலதான் சதை. போடு, நல்லா சத்தமா போடு" என்பார்.

நானும் போடுவேன். வாழ்க வந்தால் வாழ்க, ஒழிக வந்தால் ஒழிக. பத்து வாழ்கவுக்கு ஒரு ஒழிக இருந்தால் அது பொதுக்கூட்டம். பத்து ஒழிகவுக்கு ஒரு வாழ்க இருந்தால் லத்தியை எடுத்து வைக்க வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. ஒருநாள் அவர் அறையில் நின்று, "போலீஸ் அடக்குமுறை ஒழிக!" என்று முழுத் தொண்டையில் படித்துக்கொண்டிருந்தேன். எதிர் டீக்கடையில் இருந்த ஒரு கட்சியின் நகரச் செயலாளர் அதைக் கேட்டுவிட்டார். தன்னை விட்டுவிட்டுத் தன் ஆட்கள் போராட்டம் நடத்துகிறார்கள் என்று பதறி, கையில் கிடைத்த ஐந்து பேரோடு ஓடிவந்து வாசலில் நின்று அவரும் ஒழிக போட ஆரம்பித்தார். சார் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"அது யாருய்யா? உன் நோட்டுல அவர் இல்லையே?"

விளையாட்டு மைதானத்தில் அரசியல் என்று எனக்கு முதலில் வந்தது குடை வழக்கு. தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் வாலிபால் இறுதி ஆட்டம். பஸ் கட்டணம் ஏறியிருந்த சமயம். பரிசு கொடுக்க வந்த ஆளுங்கட்சிப் பிரமுகருக்குக் கறுப்புக் கொடி காட்டப் போகிறார்கள் என்று தகவல் வந்தது, கொடிக்குத் தடை போட்டோம். அவர் பேச எழுந்ததும் மாணவர்கள் அத்தனை பேரும் கறுப்புக் குடையை விரித்தார்கள். வானத்தில் பொட்டு மேகம் இல்லை. 'குடைகள் விரிந்தன. மழை இல்லை' என்று எழுதிக்கொண்டேன். ஆனால் ஏழாவது நிமிஷம், எங்கிருந்து வந்ததோ, சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது. பிரமுகர் ஓடிப்போய் ஒரு மாணவன் குடைக்குள் நின்றார். வழக்குப் போட எழுந்த அதிகாரிகளும் ஆளுக்கொரு குடைக்குள் நுழைந்துகொண்டார்கள்.

அருளானந்தம் சார் அன்று கண்ணைத் திறந்துவிட்டார். "குடை முன்னாடியா, மழை முன்னாடியா?"

"குடை ஏழு நிமிஷம் முன்னாடி சார்."

"நீயும் குடைக்குள்ள நின்னியா?"

"நின்னேன் சார். எழுதியிருக்கேன்."

கண்ணை மறுபடி மூடிக்கொண்டார். "கிழிக்காதே. அப்படியே இருக்கட்டும். ஆனா யாரும் கேக்கலேன்னா நீயா படிக்காதே" என்றார். அதோடு அந்த வழக்கு முடிந்தது.

இதெல்லாம் சிரிப்பு. ஆனால் எங்கள் ஜில்லாவில் அப்போது நிலத் தகராறு சிரிப்பு விஷயம் இல்லை. நடவிலும் அறுப்பிலும் கூலியாட்கள் சங்கமாகச் சேர்ந்துவிட்டார்கள். பண்ணைகள் வெளியூரிலிருந்து லாரியில் ஆட்களை இறக்கின. செங்கொடி ஏறிய வயலில் அறுப்பு நின்றது, அறுத்த வயலில் அடிதடி நடந்தது. ஆள் செத்த ஊர்களுக்கு நான் போயிருக்கிறேன். அந்த ஊர்களில் நான்காவது கட்டத்தில் நான் எழுதியதை எந்தக் குரலில் படிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. சாரும் சத்தமாகப் படிக்கச் சொல்லவில்லை.

அப்படிப்பட்ட சமயத்தில்தான் பண்ணையார் ராமதுரை சடுகுடுப் போட்டி வைத்தார். தை அறுப்புக்கு அவர் உள்ளூர் ஆட்களைக் கூப்பிடாமல் வெளியாளை இறக்கியிருந்தார். அதுவரை அந்த வயலில் நட்டதும் அறுத்ததும் உள்ளூர்க் கூலித் தெருப் பெண்கள். நட்டது அவர்கள், அறுத்தது யாரோ. அந்த ஆறாத கோபத்தோடு வைகாசி பிறந்தது. ஊர் கொஞ்சம் குளிரட்டும் என்று ராமதுரை சுழற்கோப்பை ஒன்றை அறிவித்தார். அதோடு விட்டாரா? தன் டீமில் ஆடிக்கொண்டிருந்த உள்ளூர்ப் பையன்களையும் நிறுத்திவிட்டு மேற்கே இருந்து பனியன் போட்ட தடியன்கள் ஏழு பேரை வரவழைத்தார். அறுப்புக்கும் வெளியாள், சடுகுடுவுக்கும் வெளியாள். நிறுத்தப்பட்ட பையன்கள் தனியாக ஒரு டீம் கட்டி இறுதி ஆட்டம்வரை வந்துவிட்டார்கள்.

அனுமதிக் கடிதத்தை டைப் அடித்தது நான். கொடி கூடாது, பதாகை கூடாது, துண்டறிக்கை கூடாது, கோஷம் கூடாது, கூலி பற்றி யாரும் பேசக்கூடாது. சார் வாசித்துவிட்டுக் கடைசியில் தன் கையால் 'குடையும் கூடாது' என்று சேர்த்தார்.

ஆட்டம் வாய்க்கால் ஓரத்துத் தரிசில். மேட்டூர் திறக்காததால் வாய்க்கால் காய்ந்து கிடந்தது. வைகாசி வெயிலில் ஊரே குடை இல்லாமல் கருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நான் யார் கண்ணிலும் படாமல் ஒரு மூலையில் நின்றேன். மைக்கில், "நமது சி.ஐ.டி. அய்யா அவர்களுக்கு யாராவது ஒரு நாற்காலி கொடுக்கவும்" என்று அறிவித்தார்கள். போட்டார்கள், உட்கார்ந்தேன்.

வாய்க்கால் கரையில் பதினோரு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் வீராயி. அந்த ஊரில் நடவுக்கு ஆள் சேர்த்துக் கூட்டிவருகிறவர் அவர்தான். நாற்பது வயதிருக்கும், ஒல்லி, வெற்றிலை போட்ட வாய். அவர் வாயைத் திறப்பார் என்று நான் பென்சிலைச் சீவி வைத்திருந்தேன். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

நாலு இருபதுக்குப் பண்ணை டீமின் பெரிய தடியன் சடுகுடு பாடிப் போனான். உள்ளூர்ப் பையன்கள் நான்கு பேர் சேர்ந்து அவனை மண்ணில் சாய்த்தார்கள். உடனே கரையிலிருந்து பதினோரு பேரும் ஒரே மூச்சில் குலவை விட்டார்கள்.

குலவை என்றால் எங்கள் பக்கத்தில் நல்ல காரியத்துக்குப் பெண்கள் நாக்கைச் சுழற்றி விடுவது. முதல் நாற்று வைக்கும்போது விடுவார்கள், கோவிலில் விடுவார்கள். குலவைச் சத்தம் கேட்டால் யாராக இருந்தாலும் கை தானாகக் குவியும். மேடையில் இருந்த ராமதுரை, பண்ணை வேலையைக் கவனிக்கும் தன் காரியக்காரரைப் பார்த்தார்.

"எதுக்குய்யா குலவை?"

"உங்களுக்குத்தானுங்க. கோப்பை வச்சிருக்கீங்கள்ல."

ராமதுரை எழுந்து நின்று கரையைப் பார்த்து ஒரு பெரிய கும்பிடு போட்டார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் அவரும் சிரித்தார்.

நாலு முப்பத்தொன்றுக்கு இரண்டாவது தடியன் அவுட். குலவை. பண்ணையார் உட்கார்ந்தபடி கும்பிட்டார். நாலு முப்பத்தெட்டுக்கு அவர் சோடா குடித்தார். குலவை. கும்பிடக் கை பாதி தூரம் வந்து நின்றுவிட்டது. நாலு நாற்பத்திரண்டுக்கு மைக் கரகரத்து அணைந்து மறுபடி வந்தது. குலவை. கும்பிடவில்லை. இவற்றை எல்லாம் வரிசையாக எழுதிக்கொண்டேன். இரண்டாவது கட்டத்தில் சிக்கல் இல்லை, மூன்றாவதில் சிக்கல் இல்லை. நான்காவது கட்டத்தில் என்ன எழுதுவது? குலவைக்கு இன்ஸ்டிடியூட்டில் குறி சொல்லித் தரவில்லை. கடைசியில் 'லுலுலுலு' என்று எழுதி, பக்கத்தில் 'ஒரு மூச்சு நீளம்' என்று போட்டேன்.

ஆட்டத்தில் பண்ணை டீம்தான் ஜெயித்தது. அது இப்போது யாருக்கும் ஞாபகம் இல்லை. ராமதுரை பேச எழுந்தார். "அன்பார்ந்த" என்றார். குலவை. நிறுத்தினார். குலவையும் நின்றது. "அன்பார்ந்த" என்றார். குலவை. ஏழு தடவை அன்பார்ந்த வந்தது, யாருக்கு அன்பார்ந்த என்பது கடைசிவரை வரவில்லை. அறிவிப்பாளர் மைக்கை வாங்கி, "தாய்மார்கள் மங்கல ஒலியைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுமாறு..." என்று ஆரம்பித்தார். அவருக்கும் ஒரு குலவை கிடைத்தது. அவர் பழக்கதோஷத்தில் கும்பிட்டார்.

பண்ணையார் உச்சக் கோபத்தில் கரையை நோக்கி நடந்தபோதுதான் தெற்கே இருந்து அவர் வீட்டு வேலைக்காரி தாம்பாளத்தோடு வந்தார். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம். பண்ணையாரின் தாயார் சொர்ணத்தம்மாள் விளையாட்டெல்லாம் பார்க்க வருகிறவர் இல்லை. வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு விடாமல் குலவை கேட்டிருக்கிறது. பிள்ளைக்கு ஏதோ பெரிய மரியாதை நடக்கிறது, குலவை விட்ட பெண்களை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று தாம்பூலம் அனுப்பியிருக்கிறார். வேலைக்காரி பண்ணையாரைத் தாண்டிப் போய்ப் பதினோரு பேருக்கும் கொடுத்தார். வாங்கிக்கொண்டு மறுபடி ஒரு குலவை விட்டார்கள், இது அம்மாவுக்கு.

மறுநாள் ராமதுரை புகார் கொடுத்தார். தடையை மீறிக் கோஷம் போட்டார்கள், நிகழ்ச்சியைக் குலைத்தார்கள். மேலிடத்தில் இருந்து போன் மேல் போன். பதினோரு பேர்மீதும் வழக்கு. தண்டனை வந்தால் பதினைந்து நாளாவது உள்ளே இருக்க வேண்டும். வழக்கு விசாரணைக்கு வரும்போது மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வந்துவிடும். குறுவை நடவு தொடங்குகிற அதே பதினைந்து நாள். உள்ளூரில் ஆள் இல்லை என்று சொல்லிப் பண்ணையார் நடவுக்கும் லாரியை வரவழைப்பார். அதோடு அந்த வயலில் அந்தத் தெருவுக்கு இருந்த வேலை போய்விடும். கோஷம் போட்டார்கள் என்று சொல்ல ஒரே போலீஸ் சாட்சி நான்.

சார் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். குரல் மிகவும் இறங்கியிருந்தது.

"குலவைக்குள்ள எங்கேயாவது ஒரு ஒழிக இருந்துச்சா?"

"இல்லை சார்."

"நடுவுல, சின்னதா?"

"நாக்கு சும்மா இருந்தாத்தானே சார் ஒழிக சொல்ல முடியும்? அது அங்கேயும் இங்கேயும் அடிச்சுக்கிட்டே இருக்குது."

அவர் எழுந்து போய் ஜன்னலையும் சாத்திவிட்டு, குலவை விட்டுக்கொண்டே ஒழிக சொல்ல முயன்றார். வரவில்லை. "நீ போடு" என்றார். நான் முயன்றேன். எனக்கும் வரவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து முயன்றோம். கதவைத் தட்டிவிட்டு ஸ்டேஷன் ரைட்டர் எட்டிப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் ரூமில் பூஜை ஏதோ நடக்கிறது என்று நினைத்துச் செருப்பை வெளியே கழற்றிவிட்டிருந்தார்.

சார் நாற்காலியில் விழுந்து மூச்சு வாங்கினார். "முடியாதுய்யா. மனுஷனால முடியாது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "மேல இருக்கிறவங்க நோட்டுல ஒரு ஒழிக சேர்க்கச் சொல்றாங்க. நான் உனக்குச் சொல்லலை. சொன்னாங்கன்னு மட்டும் சொல்றேன்" என்றார். சேர்த்தால் எனக்கு ஏட்டுப் பதவி அந்த வருஷமே வரும் என்றும், சேர்க்காவிட்டால் கோடிக்கரை உப்பளத்துக்குக் காவல் போக வேண்டியிருக்கும் என்றும் அதே குரலில் சொன்னார். இரண்டு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. பயமாகத்தான் இருந்தது. பென்சிலை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தும் பார்த்தேன். ஏழு அன்பார்ந்தவுக்கு நடுவே ஒரு ஒழிகவைச் சொருக இடம் இருந்தது. கை போகவில்லை.

நீதிபதிக்கு அன்று பல்வலி. கன்னத்தில் கைக்குட்டையை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதினோரு பேரும் ஓரமாக நின்றார்கள். அரசு வக்கீல் என்னைக் கேட்டார்.

"கோஷம் போட்டார்களா?"

"சத்தம் போட்டாங்க ஐயா."

"என்ன சத்தம்? குறிப்பேட்டில் உள்ளபடி படியுங்கள்."

திறந்தேன். நேரம் படித்தேன். யார் என்று படித்தேன். எத்தனை பேர் என்று படித்தேன். நான்காவது கட்டம் வந்தது. அருளானந்தம் சாரிடம் இத்தனை வருஷம் நின்று பழகிய உடம்பு அது. என்னை அறியாமல் நிமிர்ந்தேன், மூச்சை இழுத்தேன், நடுக் கோர்ட்டில் முழுத் தொண்டையில் குலவை விட்டுவிட்டேன்.

தொண்டையில் எதுவோ சிக்கிய ஆட்டுக்குட்டி மாதிரி இருந்தது. கோர்ட் டவாலிக்காரர் கையில் இருந்த காகிதக் கட்டு கீழே விழுந்தது. நீதிபதி கைக்குட்டையை எடுத்துவிட்டு என்னையே பார்த்தார். பிறகு வீராயி பக்கம் திரும்பி, "இதுதானா நீங்க செஞ்சது?" என்று கேட்டார்.

வீராயி முகம் சுருங்கிவிட்டது. "இப்படியா சாமி நாங்க விடுவோம்?" என்றார்.

"குற்றத்தை மறுக்கிறார்னு எழுதிக்கலாங்களா?" என்று கிளார்க் கேட்டார். நீதிபதிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் பல் வலித்தது. வலித்ததில் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் ராமதுரையைக் கூண்டில் ஏறச் சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு சின்னப் பையன், கோட்டு அவருடைய அண்ணனுடையது போல இருந்தது.

"முதல் குலவைக்கு நீங்கள் என்ன செய்தீர்கள்?"

"கும்பிட்டேன்."

"ஏன்?"

"நம்ம ஊர்ல குலவை விட்டா கும்பிடாம என்ன செய்வாங்க?"

"உங்களை ஒழிக என்றால் கும்பிடுவீர்களா?"

"எனக்கென்ன பைத்தியமா?"

"உங்கள் தாயார் அன்று இவர்களுக்குத் தாம்பூலம் அனுப்பினார்களா?"

பண்ணையார் அரசு வக்கீலைப் பார்த்தார். நீதிபதி அதட்டியதும், "அது அம்மாவாச் செஞ்சது" என்றார். அதோடு வழக்கு உதிர்ந்துபோனது. வாழ்த்தும் வழக்கத்துக்குத் தடை உத்தரவு பொருந்தாது என்று நீதிபதி இரண்டு வரியில் தீர்த்துவிட்டுப் பல் பிடுங்கப் போனார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சாட்சி சொன்னவனுக்கு அப்படி இருக்கக்கூடாதுதான். இருந்தது.

ஆனால் விடுதலை கிடைத்ததால் வேலை கிடைத்துவிடுமா? ராமதுரை மறுபடி வெளியாளைத்தான் தேடினார். ஆனால் லாரி ஆட்கள் எல்லாரும் வேறு ஊர்களுக்கு முன்பணம் வாங்கிவிட்டிருந்தார்கள். நாற்று முற்றிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் வீராயிக்குச் சொல்லியனுப்பினார். நடவுக்கு வரலாம், ஆனால் வயலில் ஒரு குலவைச் சத்தம் கேட்கக்கூடாது. கேட்டால் அந்த நிமிஷமே கரையேற வேண்டும். அதற்குச் சம்மதித்து வந்தார்கள். தகராறு வரலாம் என்று பந்தோபஸ்துக்கு என்னையும் இரண்டு காவலர்களையும் போட்டிருந்தார்கள்.

காலை ஏழு மணி. உழுத சேற்றில் பதினோரு பேரும் இறங்கி நின்றார்கள். பாட்டு இல்லை, பேச்சு இல்லை. வரப்பில் சொர்ணத்தம்மாள் மஞ்சள் குங்குமத்தோடு வந்து நின்றார். வருஷா வருஷம் முதல் நாற்றுமுடிக்கு அவர்தான் பொட்டு வைப்பார். வைத்துவிட்டுக் காத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை.

"என்னங்கடி, யாரும் செத்தா போயிட்டாங்க? குலவை எங்கே?"

"விடக்கூடாதுன்னு அய்யா சொல்லிட்டாங்கம்மா" என்றார் வீராயி.

அம்மாள் பிள்ளையைப் பார்த்தார். "குலவை இல்லாம என் வயல்ல நாத்து இறங்கக்கூடாது துரை" என்று மட்டும் சொன்னார். ராமதுரை வானத்தைப் பார்த்தார், வரப்பைப் பார்த்தார், வெயிலில் வாடிக்கொண்டிருந்த நாற்றுமுடிகளைப் பார்த்தார். கடைசியில், "சரி, விடுங்க" என்றார்.

யாரும் விடவில்லை.

"அதான் விடச் சொல்றேன்ல?"

"நல்ல காரியத்துக்குத்தானுங்க குலவை" என்றார் வீராயி. "நட்டுட்டுப் போற நாங்க புரட்டாசியில அறுக்க வருவோமா மாட்டோமான்னே தெரியலை. இதுல எங்களுக்கு என்ன நல்லதுன்னு நாக்கு எழும்பும்?"

பதினோரு பேரும் சேற்றில் அசையாமல் நின்றார்கள். அம்மாள் குங்குமச் சிமிழோடு வரப்பில் நின்றார். வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. பண்ணையார் என்னைப் பார்த்தார், இதற்கு ஏதாவது சட்டம் இருக்கிறதா என்று கேட்பது போல. எனக்குத் தெரிந்து இல்லை.

"அறுப்புக்கும் நீங்கதான்" என்றார் மெதுவாக.

"வெளியாளு?"

"கிடையாது."

"சடுகுடுவுக்கு?"

"அதுக்குமா?"

"எங்க பசங்களை நிறுத்தினீங்கள்ல?"

"சரி. அவனுங்களையே சேத்துக்கிறேன்."

வீராயி என் பக்கம் திரும்பினார். நான் வெறும் கான்ஸ்டபிள், ஆனால் அந்த ஊரில் என்னை ஏட்டு என்றுதான் சொல்வார்கள்.

"எழுதிக்கிட்டீங்களா ஏட்டய்யா?"

"எழுதிட்டேன்மா."

"எங்களுக்குப் படிக்கத் தெரியாது. கொஞ்சம் சத்தமாப் படிங்க. தெரு வரைக்கும் கேக்கட்டும்."

படித்தேன். ஏழு பதினெட்டு, பண்ணையார் ராமதுரை, ஒருவர். அறுப்புக்கும் நீங்கதான், வெளியாள் கிடையாது, சடுகுடுவுக்கும் அவனுங்களையே சேத்துக்கிறேன். பண்ணையார் சொன்ன குரலிலேயே படித்தேன், சத்தத்தை மட்டும் நாலு பங்கு கூட்டினேன். கருவேலந்தோப்பு தாண்டித் தெருவிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"சரியா இருக்குதுங்களா அய்யா?" என்று வீராயி கேட்டார்.

ராமதுரை தலையாட்டினார். தலையாட்டினார் என்பதையும் நான் எழுதி முடித்து, பென்சிலைக் காதில் செருகி, குறிப்பேட்டை மூடிய பிறகுதான் வீராயி குனிந்து முதல் முடியை அவிழ்த்தார்.